பெரிய வெள்ளியன்று ஒட்டிய குதிரை

கிறிஸ்துதாஸ் வீட்டில் எதுவும் ஆடாது. நாற்காலி ஆடாது, கட்டில் ஆடாது, துணி காயப்போடும் கம்பியின் கொக்கிகூட ஆடாது. கடற்காற்று புதுச்சேரி குருசுக்குப்பத்து ஜன்னல்களை எல்லாம் இரவு பகல் பார்க்காமல் அடித்துச் சாத்தும். அந்த வீட்டு ஜன்னல் மட்டும் கமுக்கமாக இருக்கும். நான் மாடி போர்ஷனுக்குக் குடிவந்த அன்று என் பழைய ஸ்டூலுக்கு ஒரு கால் குட்டை. சாமான் இறக்கி முடிப்பதற்குள் அதைக் கவிழ்த்துப்போட்டு ஆப்பு அடித்துவிட்டார் மனுஷன். அந்த ஆட்டம் எனக்குப் பழகிப்போன ஆட்டம், அப்படியே இருக்கட்டும் என்று சொல்ல வாய் வரவில்லை. அந்த வீட்டில் யாருக்குமே அவரிடம் வேண்டாம் என்று சொல்ல வாய் வராது என்பது போகப் போகத்தான் தெரிந்தது.

அவர் தச்சர். சின்ன வயதில் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் நாற்காலி வேலை கற்றவர். அதனால் வீட்டுக்குப் பின்னால் ஓடு வேய்ந்த பட்டறையை 'அத்தெலியே' என்றுதான் சொல்வார். அகலமான உடம்பு, நரைத்த புருவம், காதில் எந்நேரமும் ஒரு பென்சில். மனைவி இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. ஒரே மகள் அகஸ்டினா, அவள் புருஷன் ஜெர்ரி. அம்மாவின் முப்பதாம் நாள் பூசை வரைக்கும் அப்பாவுக்குத் துணையாக இருப்போம் என்று நெல்லித்தோப்பு வாடகை வீட்டிலிருந்து ஒரு சூட்கேஸும் ஒரு மாண்டலினுமாக வந்தவர்கள் அவர்கள். முப்பது முடிந்தது, வருஷ பூசையும் முடிந்தது. கிறிஸ்துதாஸ் பரண்மேல் அளவெடுத்து ஒரு மரச்சட்டம் செய்து, அந்த சூட்கேஸை அதில் செருகிவிட்டார். அதற்குமேல் அதை யாரும் கீழே இறக்கவில்லை.

ஜெர்ரி ஒரு காலத்தில் கல்யாணக் கச்சேரிக் குழுவில் மாண்டலின் வாசித்தவன். பிறகு கீபோர்டு வந்தது. ஒரு பொத்தானை அமுக்கினால் மாண்டலின், அடுத்ததை அமுக்கினால் புல்லாங்குழல் என்று ஆனபின் குழுக்காரர்கள் மரியாதையாக அவனை மறந்துபோனார்கள். பகலில் மாமனாரின் பட்டறையில் நாற்காலிக்குப் பாலிஷ் போடுவான். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாடகர் குழுவுக்கு வாசிப்பான். சாயங்காலம் மொட்டை மாடியில் உட்கார்ந்து தனக்காகக் கொஞ்ச நேரம்.

மாமனார் கொடுமைக்காரர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அப்படி இருந்திருந்தால் விஷயம் சுலபமாக முடிந்திருக்கும். மீன் வாங்கினால் தலை மாப்பிள்ளைக்கு. செருப்பு அறுந்தால் இவன் கவனிக்குமுன் அவர் வாரை மாற்றி ஆணி அடித்திருப்பார். ஜெர்ரி கொஞ்சம் தாமதமாக வந்தால் தெருமுனையில் டார்ச்சோடு நிற்பார். "கூட ஒரு மகன் இருக்கான்னு நெனச்சுக்கறேன் சார்," என்று என்னிடம் சொல்லும்போது அவர் கண் கலங்கும். இப்படிப்பட்ட அன்புக்குள் மாட்டியவன் எந்தப் பக்கம் போய் மூச்சு விடுவான்?

2006-ஆம் வருடத் தவக்காலத்தில் ஒரு நாள், கொச்சியிலிருந்து என் செல்போனுக்கு ஜெர்ரியைக் கேட்டு ஒரு அழைப்பு வந்தது. வீட்டில் கீழே இருக்கும் போன் கிறிஸ்துதாஸின் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்ததால், அவன் என் நம்பரைக் கொடுத்திருந்தான். அங்கே ஒரு ஓட்டலில் சாயங்காலம் விருந்தாளிகளுக்கு வாசிக்க மூன்று பேர் வேண்டுமாம். வயலினும் கிட்டாரும் கிடைத்துவிட்டன, மாண்டலின்தான் பாக்கி. மேனேஜர் ஈஸ்டருக்குப் புதுச்சேரி வருகிறார், ஞாயிறு காலை வந்து வாசித்துக் காட்ட வேண்டும். பிடித்துப்போனால் வேலையோடு குடியிருக்க வீடும் உண்டு.

அன்று மாலை அகஸ்டினா மாடியில் மோர்மிளகாய் அள்ள வந்தாள். அவளுக்கு முப்பதைத் தாண்டிய வயது, அப்பாவின் அகலமான நெற்றி.

"ஒண்ணு சொன்னா சிரிக்கக் கூடாது சார்," என்றாள்.

"சிரிக்கல, சொல்லும்மா."

"எனக்கு இவர்கூட ஒரு தரம் சத்தமா சண்ட போடணும்."

நான் சிரித்துவிட்டேன்.

"பாத்தீங்களா. நெல்லித்தோப்புல இருந்தப்ப போட்டிருக்கோம் சார். தட்டெல்லாம் பறக்கும். அர மணி நேரத்துல சரியாப் போயிடும், அப்புறம் ரெண்டு பேரும் போயி பரோட்டா தின்னுட்டு வருவோம். இங்க நான் வாயத் தொறந்தா பிளைவுட் தடுப்புக்கு அந்தாண்ட அப்பா இருமுவாரு. 'அகஸ்டின், மாப்ளய ஒண்ணும் சொல்லாதம்மா'ம்பாரு. அதோட அந்தச் சண்ட வயித்துக்குள்ளயே நின்னுடும். இத்தினி வருஷத்துச் சண்ட அப்படியே கெடக்குது சார் உள்ள."

"அப்பாகிட்ட கொச்சி விஷயத்தச் சொல்லிட்டியா?"

"கெடைக்கட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்ன்றாரு. முன்னாடியே சொன்னா அப்பா அழுதுடுவாரு. அப்பா அழுதுட்டார்னா இவரு போகமாட்டாரு. எனக்குத் தெரியும்." மிளகாயை முறத்தில் குவித்தாள். "நான் பொறந்ததுலேர்ந்து இதே ரூம்ல படுக்கறேன் சார். கல்யாணம் ஆகி ஒரு வருஷம்தான் வேற கூரைக்குக் கீழ இருந்தேன். இந்த வேல கெடைக்கலன்னா நான் இங்கயேதான்."

அதைச் சொல்லும்போது அவள் குரலில் அழுகை இல்லை. வெண்டைக்காய் விலை சொல்வதுபோல்தான் சொன்னாள். எனக்குத்தான் கஷ்டமாக இருந்தது.

மாண்டலின் இரைய ஆரம்பித்தது அந்தச் சமயத்தில்தான். தகர டப்பாவில் வண்டு மாட்டிக்கொண்டதுபோல் ஒவ்வொரு சுரத்துக்கும் பின்னால் ஒரு 'ங்ங்ங்'. முதலில் கீழ்க்கம்பியில் மட்டும் கேட்டது, பிறகு எல்லாவற்றிலும். ஜெர்ரி எனக்குக் காட்டினான். வயிற்றுப் பலகைமேல் எட்டுக் கம்பிகளையும் தூக்கிப் பிடித்து நிற்கிற சின்ன மரத்துண்டு இருக்கிறதே, அதற்குக் குதிரை என்று பெயர். அதில் கம்பி உட்காருகிற வெட்டுகள் வருடக்கணக்கில் தேய்ந்து பள்ளமாகிவிட்டன. கம்பிகள் தாழ்ந்துபோய்க் கழுத்தின் குறுக்கே பதித்திருக்கும் மெட்டுகளில் உரசுகின்றன. வெட்டுக்குள் காகிதத்தை மடித்து வைத்துப் பார்த்தான், சிகரெட் பெட்டியின் ஈயத்தாளை வைத்துப் பார்த்தான். ஒரு பாட்டு தாங்கும், அடுத்த பாட்டுக்கு மறுபடி வண்டு வந்துவிடும்.

"புதுக் குதிர போட்டாத்தான் சார் ஆகும். மெட்ராஸ் போய் வாங்கணும். பரிசுத்த வாரத்துல எங்க போறது, கோயில்ல தெனம் வேல இருக்குது."

கிறிஸ்துதாஸ் காதில் அது விழாமல் இருக்குமா? படியேறி வந்தார். மாண்டலினை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். அதன் குதிரையை விரல் நுனியால் தொட்டுவிட்டு, "இவ்ளோதானா," என்றார். "இதுக்கா மெட்ராஸ் போவாங்க? பழைய பிரெஞ்சுக் கட்டில் காலு ஒண்ணு கெடக்குது, ஈட்டி மரம். நான் செஞ்சுத் தர்றேன் மாப்ள. ஈஸ்டர் ராத்திரி பாஸ்கா பூசையில வானவர் கீதம் நீ வாசிக்கறப்ப கோயிலே எழுந்து நிக்கணும்."

அவர் கோயிலை நினைத்தார். ஜெர்ரி கொச்சியை நினைத்தான். "சரிங்க மாமா," என்றான்.

பெரிய வியாழனன்று குதிரை தயாராகிவிட்டது. கருஞ்சிவப்பாக, நகம்போல் வழவழவென்று, பழையதைவிட அழகு. மாண்டலினின் வயிற்றின்மேலேயே உப்புத்தாளை விரித்து, குதிரையின் அடியை அந்த வளைவுக்குத் தகுந்தபடி தேய்த்து இழைத்திருந்தார். வேலையில் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அன்று சாயங்காலப் பூசைக்குப் பழைய குதிரையோடுதான் ஜெர்ரி போனான், நேரமில்லை. அந்தப் பூசையில் வானவர் கீதம் முடிந்தால் அதன்பிறகு கோயிலில் மணியும் கிடையாது, வாத்தியமும் கிடையாது. சனிக்கிழமைப் பாஸ்காவில் மறுபடி அதே கீதம் பாடும்வரை மணிக்குப் பதில் மரக்கட்டையைத்தான் தட்டுவார்கள். அந்தக் கட்டையும் கிறிஸ்துதாஸ் செய்து கொடுத்ததுதான். அவர் வீட்டில் சட்டம் கோயிலைவிடக் கறார். ரேடியோ இல்லை, டி.வி. இல்லை. நான் இந்து, மாடியில் தனியாக இருப்பவன், ஆனாலும் அந்த மூன்று நாளும் என் டி.வி.யும் ஊமைதான். அவர் சொல்லவில்லை. சொல்லாமலே அணைத்துவிடுவேன்.

"நாளைக்கு வந்து நானே வெச்சுக்கறேன் மாமா," என்று ஜெர்ரி வியாழன் ராத்திரி சொன்னது எனக்கும் கேட்டது. "எடத்த பென்சில்ல குறிச்சிருக்கேன். கம்பியெல்லாம் ஒண்ணா அவுக்கக் கூடாது, ரெண்டு ரெண்டா மாத்தணும்."

"நீ போயி படு மாப்ள."

வெள்ளிக்கிழமை காலையிலேயே வெயில் கொளுத்தியது. ஜெர்ரியும் அகஸ்டினாவும் சிலுவைப் பாதைக்குப் போனார்கள். முட்டி வலி என்று கிறிஸ்துதாஸ் மத்தியான வழிபாட்டுக்கு மட்டும் போவதாகச் சொல்லி வீட்டில் இருந்தார். பெரிய வெள்ளியன்று அவர் சுத்தியலைத் தொடமாட்டார். ஆண்டவருக்கு ஆணி அடித்த நாளில் தச்சன் ஆணி அடிக்கலாமா? ரம்பம், உளி, சுத்தியல் எல்லாவற்றையும் முதல்நாளே பெட்டியில் போட்டுப் பூட்டிச் சாவியை மாதா படத்துக்குப் பின்னால் வைத்துவிடுவார். கை சும்மா இருந்த நாள் அது ஒன்றுதான். சும்மா இருந்து பழகாத கை என்ன செய்யும்?

தண்ணீர் பிடிக்க நான் இறங்கியபோது அவர் பட்டறை வாசலில் மாண்டலினை மடியில் வைத்திருந்தார். எட்டுக் கம்பியும் அவிழ்ந்து பக்கத்தில் சுருண்டு கிடந்தன. மேல்பலகையை ஸ்பிரிட் துணியால் துடைத்து அரக்குப் பாலிஷ் ஏற்றிக்கொண்டிருந்தார். கண்ணாடிபோல் மின்னியது. "மாப்ள வந்து பாத்தா அசந்துடுவான் சார்," என்றார் சின்னக் குரலில். அந்த நாளில் அவர் பேச்சும் சன்னமாகிவிடும். பென்சில் குறி அந்தத் துணியோடு போய்விட்டது என்பது அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

கோயிலில் கொடுத்த நோன்புக் கஞ்சியைத் தூக்கில் வாங்கிக்கொண்டு இருவரும் மத்தியானம் திரும்பினார்கள். வெறுங்காலோடு நடந்து ஜெர்ரியின் பாதம் சிவந்திருந்தது. அவனைக் கால்கூடக் கழுவவிடாமல் மாமனார் உள்ளே கூட்டிப்போனார். மேஜைமேல் வெள்ளைத் துணி விரித்து அதில் மாண்டலினை வைத்திருந்தார். புதுக் குதிரை பலகையின் நடுமத்தியில் கம்பீரமாக உட்கார்ந்திருந்தது. கம்பிகளையும் தளர்வாக மாட்டியாகிவிட்டது.

ஜெர்ரி குனிந்து கட்டைவிரலால் குதிரையைத் தள்ளிப் பார்த்தான். அசையவில்லை. மறுபடி தள்ளினான்.

"நகராது மாப்ள," என்றார் கிறிஸ்துதாஸ் பெருமையோடு. "இத்தினி வருஷமா அது சும்மா பலகமேல குந்திகினு இருந்திருக்குது. ஒரு பச இல்ல, ஒரு ஆணி இல்ல. எவன் செஞ்சானோ, வேலய முடிக்காம உட்டுட்டான். அதான் எரைச்சல். பெவிகால் போட்டு நல்லா அமுத்தி வெச்சிருக்கேன். உன் பேரன் காலத்துக்கும் நிக்கும்."

ஜெர்ரி நிமிர்ந்தான். வாய் திறந்தான். பிறகு, "நல்லா இருக்குது மாமா," என்றான்.

கஞ்சி குடித்த கையோடு மாண்டலினைத் தூக்கிக்கொண்டு என் அறைக்கு வந்துவிட்டான். கதவைச் சாத்தினான். என் தையல் பெட்டியிலிருந்து நூல் கேட்டான். கழுத்தின் உச்சிக் கட்டையிலிருந்து பன்னிரண்டாவது மெட்டு வரை நூலை நீட்டிப் பிடித்து, அதே நீளத்தை அந்த மெட்டிலிருந்து குதிரைப் பக்கம் திருப்பினான். நூல் முடிந்த இடத்துக்கும் குதிரைக்கும் நடுவே ஒரு விரல் அகலம் இருந்தது.

"ரெண்டும் ஒண்ணா இருக்கணும் சார். ஒரு நூல் தள்ளினாலே சுதி கெட்டுடும். இது ஒரு வெரலு. எந்த மெட்டுல கைய வெச்சாலும் தப்பாத்தான் பேசும். அது ஒட்டாம நிக்கறதுக்குன்னே செஞ்சது சார். கம்பி அழுத்தத்துலதான் நிக்கும். அப்பப்ப நகத்திச் சரி பண்ணுவோம்."

"எரைச்சல்?"

"எரைச்சல் போயிடும்," என்று சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்க்கச் சகிக்கவில்லை.

அகஸ்டினா வந்து கதவைத் தட்டினாள். பார்த்ததும் புரிந்துகொண்டாள். அதன்பிறகு நடந்தது சண்டைதான், ஆனால் அது கிசுகிசுப்பில் நடந்தது.

"இப்பவே போயி சொல்லுங்க."

"எப்படி அகஸ்டின்? வெள்ளத் துணி விரிச்சு வெச்சிருக்காரு."

"அதுக்காக?"

"கெடச்சா கெடைக்குது, இல்லன்னா இல்ல. வேற யார்ட்டயாவது எரவல் வாங்கிப் பாக்கறேன்."

"யார்ட்ட? இந்த ஊர்ல இன்னும் மாண்டலின் வெச்சிருக்கறவன் யாரு? சுவத்துல மாட்டிகினு இருக்கறவன்தான் இருக்கான். நீங்க சொல்லமாட்டீங்க. நீங்க எதயும் சொல்லமாட்டீங்க. செருப்புல ஆணி குத்துனாக்கூட நல்லா இருக்குது மாமாம்பீங்க."

"நீ சொல்றதுதான? உங்க அப்பாதான."

அவள் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். பிறகு இறங்கிப் போய்விட்டாள். ஜெர்ரி என் பாயில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

சனிக்கிழமை காலை காபி நேரத்தில் அவள் சொல்லிவிட்டாள். நான் பேப்பர் எடுக்கப் படியில் நின்றிருந்தேன். ஜெர்ரி கிணற்றடியில் பல் துலக்கிக்கொண்டிருந்தான்.

"அப்பா, அந்தக் குதிரய ஒட்டியிருக்கக் கூடாது."

"இன்னாது?"

"அது ஒட்டற சாமான் இல்லப்பா. கம்பி அழுத்தத்துலயே நிக்கணுமாம். எடமும் தப்பா இருக்குது. இப்ப எது வாசிச்சாலும் சுதி சேராது."

கிறிஸ்துதாஸ் டம்ளரைக் கீழே வைத்தார். "வெறும் அழுத்தத்துல ஒரு மரம் நிக்குமா? ஏன் மாப்ள நேத்து சொல்லல?"

ஜெர்ரி வாய் நிறைய நுரையோடு நின்றான்.

"சரி, கோயில்ல நாலு பாட்டுதான. எல்லாரும் பாடற சத்தத்துல யாருக்குத் தெரியப் போவுது? அப்புறமாப் பாத்துக்கலாம்."

"கோயிலுக்கு இல்லப்பா," என்றாள் அகஸ்டினா. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள். ஓட்டல், மேனேஜர், ஞாயிறு காலை, வீடு. சொல்லி முடித்தபோது பக்கத்து வீட்டில் தேங்காய் உடைக்கிற சத்தம் கேட்டது.

"கொச்சியா?" என்றார் கடைசியில்.

"ஆமாம்ப்பா."

"ரெண்டு பேருமா?"

"ரெண்டு பேரும்."

அழுவார் என்று எதிர்பார்த்தோம். அவர் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். "தண்ணி கொதிக்க வை," என்றார். "வினிகர் இருக்குதா பாரு."

பசை போட்டு ஒட்டத் தெரிந்தவருக்கு அதைப் பிரிக்கவும் தெரிந்திருந்தது. மாதா படத்துக்குப் பின்னால் கைவிட்டுச் சாவியை எடுத்தார். பழைய வேட்டியைக் கிழித்துத் திரியாக்கி, சுடுகிற வினிகரில் நனைத்துக் குதிரையின் காலைச் சுற்றி வைத்தார். ஆறியதும் எடுத்து மறுபடி வைத்தார். வீடு முழுக்க ஊறுகாய் நெடி. மெல்லிய கத்தியை அடுப்பில் காட்டி, துடைத்து, குதிரைக்கும் பலகைக்கும் நடுவே தாளைச் செருகுவதுபோல் செருகினார். கொஞ்சம் அவசரப்பட்டாலும் பலகை பிளந்துவிடும். பலகை பிளந்தால் மாண்டலின் போச்சு, கொச்சி போச்சு. முட்டி வலியோடு மண்டியிட்டே உட்கார்ந்திருந்தார். ஜெர்ரி மாண்டலினைப் பிடித்துக்கொண்டான், அகஸ்டினா துணி மாற்றிக் கொடுத்தாள். நான் விசிறினேன். அந்த வேலைக்குத்தான் நான் லாயக்கு.

"வேற நாளா இருந்தா ரெண்டு தலையில்லா ஆணி எறக்கியிருப்பேன் மாப்ள," என்றார் வேலையிலிருந்து கண் எடுக்காமல். "பெரிய வெள்ளிக்கெழம ஆச்சேன்னு வெறும் பசையோட உட்டேன். ஆண்டவர்தான் காப்பாத்தினாரு."

"ஆமாங்க மாமா."

"எதயாவது இறுக்காம உட்டா எனக்குத் தூக்கம் வராது. உங்க அத்த சொல்லுவா, 'நான் போனா என் சவப்பொட்டிக்கு நீ மட்டும் ஆணி அடிக்காதய்யா, தீர்வை நாள்ல எழுந்து வரத் தொறக்கவே முடியாது'ன்னு." கத்தியை ஒரு மயிரிழை நகர்த்தினார். "நாந்தான் அடிச்சேன்."

அகஸ்டினா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வெயில் உச்சிக்கு வந்தபோது 'டக்'கென்று ஒரு சின்னச் சத்தம். பலகையோ என்று குனிந்து பார்த்தேன். குதிரைதான் பெயர்ந்து அவர் உள்ளங்கையில் விழுந்திருந்தது. பாலிஷ் மட்டும் அந்த இடத்தில் வெளுத்துவிட்டது. ஜெர்ரி நூல் பிடித்து இடம் காட்டினான். குதிரையை வைத்துக் கம்பிகளை ஜோடி ஜோடியாக முறுக்கினான். முறுக்க முறுக்கக் குதிரை தானாக நின்றது. கிறிஸ்துதாஸ் அதையே வெறித்துப் பார்த்தார்.

"சரியா இருக்குதா?"

"மீட்டிப் பாத்தாத்தான் மாமா தெரியும்."

மீட்ட முடியாது. பாஸ்கா வானவர் கீதத்துக்கு இன்னும் அரை நாள் இருந்தது. கோயிலில் எல்லோர் முன்னாலும் சுதி பார்த்து, குதிரையை நகர்த்தி, அதெல்லாம் நடக்கிற காரியமா? ஜெர்ரி மாண்டலினை மூடி வைக்கப் போனான். பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"வா, கடக்கரைக்குப் போலாம். அலச் சத்தத்துல ஒண்ணும் கேக்காது."

"மாமா, இன்னைக்குப் பெரிய சனி."

"எனக்குத் தெரியாதா? வா."

சுனாமிக்குப் பிறகு இன்னும் உயரமாகக் கருங்கல் கொட்டியிருந்த கரை அது. வலை காயவைத்திருந்த இடத்தைத் தாண்டி, அலை வந்து மோதுகிற பாறைக்கு இறங்கினோம். கால் வைக்க முடியாத சூடு. கிறிஸ்துதாஸ் கோயில் இருக்கும் பக்கம் திரும்பி, எங்களை மறைத்துக்கொண்டு நின்றார். வாய்க்குள் ஏதோ ஜெபம் சொன்னார். மன்னிப்புக் கேட்டார் என்றுதான் நினைக்கிறேன். வாழ்நாள் முழுக்கக் காத்த ஒன்றை மாப்பிள்ளைக்காக அன்று அவர் விட்டார்.

ஜெர்ரி மாண்டலினின் விலாவில் காதை அழுத்தி வைத்துக்கொண்டு மெதுவாக மீட்டினான். வெறும் கம்பியை ஒரு முறை, பன்னிரண்டாவது மெட்டில் அமுக்கி ஒரு முறை. குதிரையை ஒரு நெல்லளவு நகர்த்தினான். மறுபடி மீட்டினான். அலை உள்வாங்கின ஒரு கணத்தில் எனக்கும் கேட்டது. வண்டு இல்லை. சுத்தமான, தனித்த ஒரு சுரம்.

அவன் தலை தூக்கவில்லை. அழுதுகொண்டிருந்தான். சந்தோஷமா வேறு ஏதாவதா என்று நான் கேட்கவில்லை.

அன்று பாஸ்காவில் பிரமாதமாக வாசித்தான் என்று தெருவே பேசிக்கொண்டது. மறுநாள் உயிர்ப்பு ஞாயிறு. காலையில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மாண்டலினோடு போனான். அகஸ்டினா பிரியாணிக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டே இருந்தாள், தேவைக்கு மேல் இரண்டு மடங்கு நறுக்கிவிட்டாள். நாற்பது நாள் கவுச்சி படாத அடுப்பில் ஆட்டுக்கறி வெந்தது. என்னையும் சாப்பிட அழைத்திருந்தார்கள். கூடத்தில் சமையலறைக் கதவையொட்டி எனக்கு இலை போட்டிருந்தது.

வெயிலில் வேர்த்து வந்தான் ஜெர்ரி. வாசலிலேயே சிரிப்பு தெரிந்துவிட்டது.

"கெடச்சிடுச்சு மாமா."

கிறிஸ்துதாஸ் எழுந்து, பிரெஞ்சுக்காரர்கள் செய்வதுபோல் அவன் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார். அகஸ்டினா கரண்டியோடு வந்து நின்றாள். அவ்வளவு அழகாக அவளை நான் பார்த்ததில்லை.

"மே ஒண்ணாந்தேதி வரச் சொல்றாங்க. ரெண்டு ரூமு, ஒரு கிச்சன்."

"ரெண்டு ரூமா?" என்றார் பெரியவர். விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். "போதும். தாராளம்."

இலையில் கை வைத்தவன் நிறுத்தினேன்.

"ராத்திரி பூரா யோசிச்சேன் மாப்ள. உங்கள அனுப்பிட்டு நான் இங்க யார் மூஞ்சியப் பாத்துகினு கெடக்கறது? காலையில பூச முடிஞ்சதும் மரக்கட முருகையன்கிட்ட சொல்லிட்டேன், அத்தெலியேவ அவன் எடுத்துக்கறான். அவனுக்கு ரொம்ப நாளா அதுமேல கண்ணு. கேரளாவுல மரத்துக்கா பஞ்சம்? தேக்கு, பலா, ஆஞ்சிலி, கேக்கவே வேணாம். சார் மாடியில இருக்காரு, வீட்டப் பாத்துக்குவாரு. இல்ல சார்?"

தலையாட்டினேன். வேறு என்ன செய்ய?

அகஸ்டினா உள்ளே போனாள். தண்ணீர் குடிக்கிற சாக்கில் ஜெர்ரியும் போனான். கதவுக்குப் பின்னால் அவர்கள் பேசியது எனக்கு மட்டும் கேட்டது.

"சொல்லுங்க. வேணாம்னு சொல்லுங்க."

"நீ சொல்லேன்."

"நேத்து சொன்னது நானு. இது உங்க முறை."

"நேத்து எனக்காகப் பெரிய சனியன்னைக்குக் கடக்கரைக்கு வந்து நின்னாரு அகஸ்டின். அவர்ட்ட போயி வராதீங்கன்னு எந்த வாயால சொல்றது?"

உள்ளே கரண்டியைக் கீழே வைக்கிற சத்தம்.

"அப்ப நாம போறதுல இன்னாங்க இருக்குது?"

 வெளியே கிறிஸ்துதாஸ் நல்லி எலும்பைத் தட்டில் தட்டிக்கொண்டிருந்தார். அவர் அவ்வளவு குஷியாக இருந்து நான் பார்த்ததே இல்லை.

"மாப்ள, கொச்சியில மழ எப்பப் புடிக்கும்?" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

யாராவது இப்போதாவது சொல்லிவிடுங்களேன் என்று என் மனசு அடித்துக்கொண்டது. நானே சொல்லிவிடலாமா என்றுகூட இருந்தது. எனக்கும்தான் வாய் வரவில்லை.

"ஜூன் மாசம்ப்பா," என்றபடி அகஸ்டினா வெளியே வந்தாள். முகத்தைக் கழுவியிருந்தாள். அவர் தட்டில் இன்னொரு கரண்டி பிரியாணியை வைத்து, கறித்துண்டுகளை அவர் பக்கமாக ஒதுக்கிவிட்டாள். "அங்க மழ சாஸ்தியாம். உனக்கு ஒரு நல்ல கொட வாங்கணும்."